மாதிரி எண் 437

பிப்ரவரி 3, திங்கள்

போடிநாயக்கனூர் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு எதிரே, நகலகத்தின் தகரச் சார்ப்பின் கீழ் பத்தொன்பது ஆண்டுகளாக மனு எழுதிவரும் செண்பகவல்லியாகிய நான், இன்று முதல் எனக்கென்று ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்வதென முடிவு செய்திருக்கிறேன். பிறர் பொருட்டு எழுதிய பக்கங்களுக்குக் கணக்கில்லை. என் பொருட்டு இதுவே முதற் பக்கம். எட்டாம் வகுப்போடு பள்ளி என்னை விட்டது. நான் படிப்பை விடவில்லை. பழைய அரசிதழ்களும் நீதிமன்ற அறிவிக்கைகளுமே என் ஆசிரியர்கள். "மேற்படி", "எனவே", "கனிவுடன்" ஆகிய மூன்று சொற்களும் உரிய இடத்தில் அமர்ந்த மனுவை எந்த அதிகாரியும் எளிதில் ஒதுக்கிவிட இயலாது என்பது என் அனுபவம். ஒதுக்கினால் விடமாட்டேன். பதில் பெறாத மனு, எழுதியவருக்கு இழைக்கப்பட்ட அவமதிப்பு. இதை மூன்று வட்டாட்சியர்களிடம் நேரிலேயே கூறியிருக்கிறேன்.

முற்பகலில் சுகாதார நிலையச் செவிலியர் ரெஜினா வந்தார். பெரிய ஏலக்காய்க் கிடங்கில் காய் பிரிக்கும் பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை நடக்கவிருக்கிறதாம்; அறிவிப்பு எழுதித் தர வேண்டுமாம். அவர் கொண்டுவந்த வரைவு மிக எளிமையாக இருந்தது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இதன்மூலம் சகல பெண்டிருக்கும் தெரிவிக்கப்படுவது யாதெனில்" என்று தொடங்கி ஒரு முழுப் பக்கம் எழுதித் தந்தேன். படித்துவிட்டு என்னையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். வியப்பாக இருக்க வேண்டும்.

பிப்ரவரி 5, புதன்

ஒருவரும் பெயர் கொடுக்கவில்லை.

மாலையில் ஒச்சம்மா மதினி வந்தார். இரத்த உறவன்று, பக்கத்துத் தெருவில் இருபது ஆண்டுகளாகப் பழகியதில் ஏற்பட்ட மதினி. கிடங்கில் மூத்த தொழிலாளி. அறிவிப்பைக் கிழித்துக் கையோடு எடுத்து வந்திருந்தார்.

"ஏத்தா செம்பகம், இதப் படிச்சா வீட்டை ஜப்தி பண்ண வர்ற மாதிரில்ல இருக்கு. எவ வருவா?"

மேலும் அவர் கூறியதன் சாரம்: வியாதி வந்தவளுக்குத்தானே சோதனை, நன்றாக இருப்பவளை எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று கிடங்கில் பேச்சு. அந்த நோய் எப்படிப்பட்டவளுக்கு வரும் என்று இன்னொரு பேச்சு. நான் விளக்கம் அளிக்க முற்பட்டேன். எனக்கும் ஒன்றும் தெரியவில்லை என்பது பாதி வாக்கியத்தில் தெரியவந்தது.

பிப்ரவரி 6, வியாழன்

ரெஜினா சிஸ்டரிடம் சென்று ஒரு மணி நேரம் பாடம் கேட்டேன். இதை முன்பே செய்திருக்க வேண்டும்.

கருப்பை வாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் ஒரு வைரஸ் தொற்றிலிருந்து தொடங்குகிறது. பெயர் எச்.பி.வி. தாம்பத்திய உறவின் வழியே பரவுவது. மிகச் சாதாரணமானது, வாழ்நாளில் அநேகமாக எல்லோருக்கும் ஒருமுறையேனும் வந்து போகுமாம். வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் உடலே அதை விரட்டிவிடும். சிலரிடத்தில் மட்டும் போகாமல் தங்கிவிடுகிறது. பத்து, பதினைந்து ஆண்டுகள் அவ்விடத்திலேயே இருந்து உடலின் உயிரணுக்களை மெல்ல மாற்றுகிறது. அந்த மாற்றமே பின்னர் புற்றுநோயாகிறது. இடைப்பட்ட காலத்தில் கண்டுபிடித்துவிட்டால் சிறு சிகிச்சையில் தீர்ந்துவிடும்.

கேட்டுக்கொண்டிருந்த எனக்குச் சட்டென்று விளங்கியது. "சிஸ்டர், இது ஆக்கிரமிப்பு வழக்கு" என்றேன். காலிமனையில் ஒருவன் வந்து குடிசை போடுகிறான். பெரும்பாலோர் சில காலம் இருந்துவிட்டுத் தாமே போய்விடுவார்கள். ஒருவன் மட்டும் அசையாமல் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்துவிட்டால் மனையே தன்னுடையது என்று வழக்காடுவான். ஆகையால் உரிமையாளர் அவ்வப்போது போய் மனையைப் பார்த்துவர வேண்டும். பார்த்து வருவதே பரிசோதனை. மனையில் ஒருவன் வந்து அமர்ந்தது உரிமையாளரின் ஒழுக்கத்தைப் பற்றி எதையும் கூறுவதில்லை.

ரெஜினா சிஸ்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, இன்னொருமுறை சொல்லுங்கள் என்றார். சொன்னேன். எழுதிக்கொண்டார். ஒரு செவிலியர் நான் சொல்லி எழுதிக்கொண்டது இதுவே முதன்முறை.

பிப்ரவரி 7, வெள்ளி

கிடங்கில் மதிய உணவு வேளையில் உரையாற்றினேன். "சகோதரிகளே, நம் உடல் என்பது பட்டா நிலத்துக்கு ஒப்பானது" என்று தொடங்கியதும் பலர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். ஒச்சம்மா மதினி எழுந்து, நான் சொன்ன ஒவ்வொன்றையும் தம் மொழியில் திருப்பிச் சொன்னார். அவர் பதிப்பில் குடிசை போட்டவன் அவருடைய கொழுந்தனாகவே மாறிவிட்டான். சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. முப்பத்தொரு பெயர்கள் கிடைத்தன.

பிப்ரவரி 8, சனி

உளுந்து அரைத்தேன். மகள் தமயந்தியின் சீருடைக்குப் பொத்தான் தைத்தேன். கணவர் ஓட்டும் மினிபஸ் பழுதுபார்க்கும் கொட்டகையில் நிற்பதால் அவர் நாள் முழுதும் வீட்டில். மூன்று முறை தேநீர் கேட்டார்.

பிப்ரவரி 10, திங்கள்

முகாம் இனிதே நிறைவுற்றது.

கிடங்கின் மூட்டை அறையில் பழைய சேலை ஒன்றைத் திரையாகக் கட்டினோம். சோதனை இவ்வளவு எளிதென்று எதிர்பார்க்கவில்லை. சிறு தூரிகை போன்ற ஒரு குச்சியைத் தாமே உள்ளே செலுத்திச் சுழற்றி எடுத்து, ஒரு குழாயில் போட்டு மூடித் தந்துவிட வேண்டும். குழாயின்மேல் எண் ஒட்டுவார்கள். பேச்சியம்மாள் வெளியே வந்து, "இம்புட்டுத்தானா? மூக்கு குத்துனப்ப இதவிட வலிச்சிச்சு" என்று அறிவித்தார். அதற்குப் பிறகு வரிசையில் தள்ளுமுள்ளு.

ஒரே ஒரு இடர். முடிவு அலைபேசிக்குக் குறுஞ்செய்தியாக வருமாம். பதினொரு பெண்கள் எண் தர மறுத்தார்கள். வீட்டில் உள்ள ஒற்றை அலைபேசி கணவன் சட்டைப்பையிலோ மகன் கையிலோ இருக்கிறது. அதில் இப்படி ஒரு செய்தி வந்தால் என்ன ஏது என்று கேள்வி வரும். வரிசை நின்றுவிட்டது. உடனே நான் முன்வந்து, பதினொருவருக்கும் என் எண்ணையே எழுதுங்கள் என்றேன். பத்தொன்பது ஆண்டுகளில் ஒரு மனுதாரரின் இரகசியமும் என் சார்ப்பைத் தாண்டியதில்லை. பதினொருவரும் ஒன்றாகவே வரிசையில் நின்றார்கள். பெயரையும் குழாய் எண்ணையும் என் பேரேட்டில் குறித்துக்கொண்டேன்.

முன்மாதிரியாக இருக்க வேண்டி நானும் அவர்களுக்கு நடுவே சோதனை செய்துகொண்டேன். என் பெயரைப் பேரேட்டில் எழுதவில்லை. எழுதுபவர் தம் பெயரை மனுதாரர் பட்டியலில் சேர்க்கலாகாது என்பது எங்கள் தொழிலின் ஒழுங்கு.

வீடு வந்த பின்னும் சேலையில் ஏலக்காய் மணந்தது.

பிப்ரவரி 28, வெள்ளி

பிற்பகல் மூன்று மணிக்கு அலைபேசி ஓயாமல் ஒலித்தது. ஒன்றன்பின் ஒன்றாகப் பன்னிரண்டு செய்திகள். பேரேட்டை எடுத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். 430 முதல் 436 வரை தொற்று இல்லை. 438 முதல் 441 வரை தொற்று இல்லை. பதினொருவருக்கும் இல்லை. உரக்கவே சிரித்துவிட்டேன். நகலகத்துக்காரர் எட்டிப் பார்த்தார்.

437 என்ற எண்ணுக்குத் தொற்று உள்ளது என்றும் மேற்பரிசோதனைக்கு வரவேண்டும் என்றும் ஒரு செய்தி. அப்படியோர் எண் என் பேரேட்டில் இல்லை.

மார்ச் 1, சனி

கிடங்குக்குச் சென்று பதினொருவரையும் தனித்தனியே மூட்டை அறைக்கு அழைத்து, முடிவைக் காதோடு தெரிவித்தேன். வெளியே வந்த ஒவ்வொருவரும் உடனே மற்றவர்களிடம் உரக்கச் சொல்லிவிட்டார்கள். இரகசியத்தின் பொருட்டு நான் எடுத்துக்கொண்ட சிரமம் வீண். பேச்சியம்மாள் என் வாயில் ஒரு அதிரசத்தைத் திணித்தார். ஒச்சம்மா மதினி மட்டும், உனக்கு என்ன வந்தது என்று கேட்டார். வாயில் அதிரசம் இருந்தமையால் பதிலளிக்க இயலவில்லை.

மார்ச் 3, திங்கள்

ஆய்வகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். "மேற்படி 437 என்னும் எண் எமது பதிவேட்டில் காணப்படாமையால், அது எழுத்தர் பிழையாக இருக்கலாம் எனக் கருதி, தக்க திருத்தம் வெளியிடுமாறு" என்று நல்ல நடையில் அமைந்தது. அனுப்பவில்லை. அஞ்சல் வில்லை கைவசம் இல்லை.

மார்ச் 6, வியாழன்

ரெஜினா சிஸ்டர் நான்கு முறை அழைத்திருக்கிறார். வேலை மிகுதி. விதவை உதவித்தொகை மனு மூன்று, பட்டா மாறுதல் ஒன்று. பரண்மேல் இருந்த பாத்திரங்களையும் இறக்கித் துலக்கினேன். அவற்றை நாம் ஏழு ஆண்டுகளாகப் பயன்படுத்தவில்லையே என்று தமயந்தி கேட்டாள். ஆகையினால்தான் துலக்குகிறேன் என்றேன்.

மார்ச் 7, வெள்ளி

மீதிப் பாத்திரங்களையும் துலக்கினேன்.

மார்ச் 11, செவ்வாய்

சுகாதார நிலையத்துக்குச் சென்று, ஒரு மனுதாரர் சார்பாக வினவ வந்திருக்கிறேன் என்றேன். ரெஜினா சிஸ்டர் பேனாவைக் கீழே வைத்தார். கேளுங்கக்கா என்றார்.

மனுதாரர் மணமாகி இருபது ஆண்டுகளானவர். கணவர் அல்லாத ஒருவரை ஏறெடுத்தும் பாராதவர். கணவரும் நல்ல மனிதர். அவ்வாறிருக்க இத்தொற்று எவ்வழி வந்தது? இதை வீட்டில் சொன்னால் அது கணவர்மீது சுமத்தும் குற்றச்சாட்டு ஆகாதா? அல்லது அவர் மனுதாரரை வேறு மாதிரியாகப் பார்க்கமாட்டாரா?

"யாருகிட்ட இருந்து, எப்ப வந்துச்சுன்னு எந்த டாக்டராலயும் சொல்ல முடியாதுக்கா. கல்யாணமான புதுசுல வந்து சத்தமே இல்லாம இருந்திருக்கலாம். அதுக்கும் முன்னாடியே வீட்டுக்காரருக்கு இருந்திருக்கலாம். இதுல விசாரணையும் கிடையாது, குத்தவாளியும் கிடையாது. மனையில ஆள் இருக்கானான்னு பாக்கணும், இருந்தா கிளப்பணும். நீங்கதானே சொன்னீங்க?"

நான்தான் சொன்னேன் என்பதை ஒப்புக்கொண்டேன்.

தொற்று என்றாலே புற்றுநோய் என்று பொருளல்ல என்பதையும், மாற்றம் ஏதும் தொடங்கியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்தால்தான் தெரியும் என்பதையும் அந்த மனுதாரரிடம் சொல்லச் சொன்னார். வியாழக்கிழமைகளில் தேனியில் மருத்துவர் பார்ப்பாராம். தாமும் துணைக்கு வருவதாகச் சொல்லச் சொன்னார். தெரிவிக்கிறேன் என்று கூறி விடைபெற்றேன்.

தெருமுனை வரை அவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

மார்ச் 13, வியாழன்

இன்று வியாழன். தேனிக்குப் போகவில்லை. சார்ப்புக்குப் புது விரிப்பு வாங்கினேன்.

மார்ச் 17, திங்கள்

இன்று நிகழ்ந்ததை உள்ளது உள்ளபடி பதிவு செய்கிறேன்.

காலை பத்து மணிக்கு ஒச்சம்மா மதினி சார்ப்புக்கு வந்து, முறைப்படி வரிசையில் நின்று, தம் முறை வந்ததும் முக்காலியில் அமர்ந்து, ஒரு மனு எழுத வேண்டும் என்றார். பெறுநர் யார் என்று கேட்டேன். விஷயத்தை முதலில் எழுது, பெறுநரைப் பிறகு சொல்கிறேன் என்றார். இது முறையன்று. ஆயினும் மதினி என்பதால் இணங்கினேன்.

ஒரு பொறுப்பான ஆள் இருக்கிறதாம். ஊருக்கெல்லாம் வேலை செய்யுமாம். ஆனால் தான் செய்ய வேண்டிய ஒரு காரியத்தை மட்டும் பதினேழு நாட்களாக இழுத்தடிக்கிறதாம். கூப்பிட்டால் போனை எடுப்பதில்லையாம். அதனால் பதினொரு பேருக்குச் சோறு இறங்கவில்லையாம்.

அலட்சிய அதிகாரிகள் என்றால் என் பேனா தானே ஓடும். "மேற்படியாரின் இம்மெத்தனப் போக்கு வன்மையாகக் கண்டிக்கத்தக்கது" என்று எழுதினேன். "கடமையை உணர்ந்தும் உணராதவர்போல் நடிப்பது அவர் வகிக்கும் பொறுப்புக்கு இழுக்கு" என்று எழுதினேன். "இனியும் தாமதிப்பின் அதனால் விளையும் கேட்டுக்கு அவரே முழுப்பொறுப்பு" என்று முடித்தேன். வாசித்துக் காட்டினேன். மதினி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நல்லா உறைக்குது என்றார். இப்போதாவது பெறுநரைச் சொல்லுங்கள் என்றேன்.

"பெறுநர், செண்பகவல்லி, மனு எழுதுறவ, ஜெராக்ஸ் கடைச் சார்ப்பு. எழுது."

பேனா நின்றது.

"எனக்கு முன்னாடி திரைக்குள்ள போனவ நீ. உனக்கு முன்னாடி பேச்சி. பேச்சி குழாயில 436, என் குழாயில 438. நான் மூணாப்புத்தான் படிச்சேன் செம்பகம், ஆனா பொழுதுக்கும் காய் எண்ணுறவ. நடுவுல ஒண்ணு குறைஞ்சா எனக்குத் தெரியாதா?"

மதினி தாளை என் கையிலிருந்து உருவி, இடுப்பிலிருந்து மைப்பெட்டியை எடுத்தார். திரும்பிப் பார்த்தால் நகலகத்துப் பக்கவாட்டில் பத்துப் பெண்கள். அரைநாள் விடுப்பு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். நான்கு கையொப்பம், ஏழு கைநாட்டு. எல்லாத் தாளிலும் மை மணக்கும்; இந்தத் தாள் ஏலக்காய் மணந்தது.

மனு உரிய வடிவில் இருந்தது. தேதி இருந்தது. காரணம் தெளிவாகக் கூறப்பட்டிருந்தது. அதைத் தள்ளுபடி செய்ய எனக்கு எந்த முகாந்திரமும் இல்லை. பதினொரு பேர் முன்னிலையில், முனை மழுங்கிய என் பழைய முத்திரையைக் குத்தி, "பெறப்பட்டது" என்று எழுதினேன். அதன் கீழ், "மனு ஏற்கப்பட்டது. வரும் வியாழனன்று ஆவன செய்யப்படும்" என்று எழுதி ஒப்பமிட்டேன்.

எழுத்து சற்றுக் கோணிவிட்டது. பேச்சியம்மாள் என் தோளைப் பற்றிக்கொண்டிருந்ததே காரணம்.

மார்ச் 18, செவ்வாய்

கணவருக்குத் தெரிவிக்க வேண்டியதாயிற்று. வாயால் சொல்ல முயன்று, தேநீரில் சர்க்கரை போதுமா என்று இருமுறை கேட்டதுதான் மிச்சம். ஆகவே இரண்டு பக்கங்களில், ஏழு பத்திகளாக, எண்ணிட்டு ஒரு கடிதம் எழுதினேன். முதல் பத்தி நோயின் தோற்றம். ஐந்தாவது பத்தி, எவர்மீதும் எவ்விதக் குற்றச்சாட்டும் இல்லை, எவர்மீதும் ஐயம் வேண்டா என்பது. மினிபஸ் நின்றிருந்த இடத்துக்கே சென்று கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த நடை முடிந்து நேரே சார்ப்புக்கு வந்தார். கடிதம் கையில் இருந்தது.

"மூணாவது பத்தி வரைக்கும் படிச்சேன். எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"

இன்னும் நான்கு பத்திகள் உள்ளன என்றேன். போகிற வழியில் படித்துக்கொள்கிறேன் என்றார்.

மார்ச் 20, வியாழன்

இருபது ஆண்டுகளில் முதன்முறையாக அவர் பேருந்தில் பயணியாக அமர்ந்தார். ஓட்டுநர் பிரேக் போடும்போதெல்லாம் இவர் காலும் தரையை மிதித்தது. முன்னிருக்கையில் ரெஜினா சிஸ்டரும் ஒச்சம்மா மதினியும். மனுதாரர் தரப்பில் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்பது மதினியின் வாதம்.

ஊரைத் தாண்டியதும் கடிதத்தை எடுத்து மீதியைப் படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"அஞ்சாவது பத்தி எழுத எம்புட்டு நேரம் ஆச்சு?" என்றார்.

மூன்று மணி நேரம் என்றேன்.

"மூணு மணி நேரம் என்னையப் பாத்துப் பயந்திருக்கே" என்று சொல்லி, என் கைப்பையைத் தாம் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். இறங்கும்வரை தரவில்லை.

மருத்துவர் இளம்பெண். காடி போன்ற ஒரு திரவத்தைத் தடவி, பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்த்தார். திரையில் எனக்கும் காட்டினார். இளஞ்சிவப்பின் நடுவே ஓரிடம் மட்டும் வெளுத்திருந்தது. ஓர் ஏலக்காய் விதை அளவு. இது புற்றுநோயாகத் தெரியவில்லை என்றும், விட்டுவைத்தால் சில ஆண்டுகளில் ஆகியிருக்கக்கூடும் என்றும் நிதானமாக விளக்கினார். அதிலிருந்து துளியளவு ஆய்வுக்கு எடுத்துக்கொண்டு, சூடேற்றிய ஒரு கருவியை அவ்விடத்தில் வைத்தார். ஒரு நிமிடமும் ஆகவில்லை. மாதவிலக்கின் முதல் நாள் போல் ஒரு பிடிப்பு, பிறகு ஒன்றுமில்லை.

வெளியேற்ற ஆணை நிறைவேற்றப்பட்டுவிட்டதா என்று கேட்டேன். மருத்துவர் விழித்தார். ரெஜினா சிஸ்டர் திரைக்கு அப்பாலிருந்து பொருள் சொன்னார். பிறகு மருத்துவர் சிரித்த சிரிப்பில் கருவித் தட்டு அதிர்ந்தது.

ஓராண்டு கழித்து மறுபடியும் சோதிக்க வேண்டும். அதற்கான படிவத்தில் தொடர்பு எண் என்று ஒரு கட்டம். என் எண்ணையே எழுதத் தொடங்கினேன். அழைப்பை எடுக்காதவர் என்று இவ்வெண்ணுக்கு ஏற்கெனவே பெயர் கெட்டிருப்பது நினைவுக்கு வந்தது. அடித்துவிட்டு, கணவர் சீனிராசுவின் எண்ணை எழுதினேன். அவர் எட்டிப் பார்த்து, ஓர் இலக்கம் தவறென்று திருத்தினார்.

வழியில் நால்வரும் புரோட்டா சாப்பிட்டோம். மதினி மூன்று.

மார்ச் 22, சனி

தமயந்திக்குப் பதின்மூன்று வயது. இவ்வைரஸ் வராமல் காக்கும் தடுப்பூசி இந்த வயதில்தான் நன்கு பலிக்கும் என்று சிஸ்டர் கூறியிருந்தார். இன்று போட்டுவிட்டோம். எதற்கு ஊசி என்று கேட்டாள். பட்டா மனைக்குச் சுற்றுச்சுவர் என்றேன். அம்மா, தமிழில் சொல் என்றாள்.

ஏப்ரல் 4, வெள்ளி

ஆய்வு முடிவு வந்தது. புற்றுநோய் இல்லை. எடுத்த இடத்தில் இருந்தது ஆரம்பநிலை மாற்றம் மட்டுமே. அதற்குத்தான் சிகிச்சை முடிந்தாயிற்று.

அழைப்பு கணவருக்கே சென்றது. நடுவழியில் மினிபஸ்ஸை ஓரங்கட்டிப் பேசியிருக்கிறார். பயணிகள் அனைவருக்கும் விஷயம் தெரியும். இனி இவ்வூரில் எனக்கு இரகசியம் என்று ஒன்றில்லை. கேசரி கிண்டினேன், முந்திரியைத் தாராளமாகவே போட்டேன்.

ஏப்ரல் 7, திங்கள்

சந்தைப்பேட்டைக் கிடங்கில் இரண்டாம் முகாம். நான் உரையாற்ற எழுந்தபோது, இன்று நான் பேசுகிறேன் என்று ஒச்சம்மா மதினி முந்திக்கொண்டார். குடிசை போட்ட கொழுந்தன் கதை, பதினேழு நாள் பாத்திரம் துலக்கிய எழுத்தம்மா கதை, இரண்டும் சொன்னார். பாத்திரத்தை அவருக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. தமயந்தியை விசாரிக்க வேண்டும். ஐம்பத்திரண்டு பேர் பெயர் கொடுத்தார்கள். வரிசையின் முனையில் நின்ற ஒரு பெண், இந்த எழுத்தம்மாவும் செய்துகொண்டார்களா என்று கேட்டார். செய்துகொண்டேன், கண்டுபிடித்தார்கள், சரியாயிற்று என்றேன். "மேற்படி" சேர்க்காமல் நான் சொன்ன முதல் வாக்கியம் அதுவாக இருக்கலாம். அவர் எண் தர மறுக்கவில்லை.

மாலையில் சார்ப்புக்குத் திரும்பி, பிப்ரவரி மாதப் பேரேட்டைப் பிரித்தேன். 436 பேச்சியம்மாள். 438 ஒச்சம்மாள். இரண்டுக்கும் நடுவே கோடு போட்ட தாளில் ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன். அன்றே விட்டிருக்கிறேன்.

எங்கள் தொழிலின் ஒழுங்கில் இன்று முதல் ஒரு திருத்தம் செய்யப்படுகிறது.

437. செண்பகவல்லி, வயது 43, கணவர் பெயர் சீனிராசு.

எழுதிவிட்டு மை காயும்வரை ஊதினேன்.